காணி உறுதிகளில் ஒரு தோட்டத்துரை

யாழ்ப்பாணத்தார்க்குத் தம் வமிசாவளி கூறுதலிலுள்ள விருப்பம் ஊரறிந்ததொன்று. கலியாணப் பேச்சு ஒன்று தொடங்கிவிட்டால் ஏழு தலைமுறை ஏறி இறங்கும் ஆற்றல் நம் பாட்டிமார்க்கு உண்டு. ஆயினும் அவ்வாறு ஏறிச் செல்லுங்கால் சிற்சில குடும்பங்களிலே ஓரிடத்திற் பேச்சு நின்றுவிடுகின்றது. "அவர் ஒரு துரை, பளைப்பக்கம் தென்னந்தோட்டம் வைத்திருந்தவர்" என்பதற்குமேல் ஒரு சொல்லும் வராது. அவர் பெயர் யாது, எவ்வூரினின்று வந்தார், மணம் நிகழ்ந்ததா, பிள்ளைகட்கு என்ன கொடுத்தார் என்னும் வினாக்களுக்கு விடை கூறுவாரில்லை. இலண்டனிலும் தொறொன்ரோவிலும் வாழும் பேரப்பிள்ளைகள் இன்று இவ்வினாக்களைக் கேட்கத் தொடங்கியுள்ளனர். அவர்கட்கும், சட்டமும் வரலாறும் பயிலும் நம் மாணவர்க்கும் பயன்படுமாறு, காணிப் பதிவுகளையும் வழக்கேடுகளையும் கொண்டு அத்தகைய ஒருவரைத் தேடும் முறை ஈண்டுக் கூறப்படுகின்றது.

முதலில் ஓர் எச்சரிக்கை. குடும்பத்தில் ஒரு சின்னத்துரையோ துரைராசாவோ இருப்பதைக்கொண்டு வெள்ளைக்காரப் பாட்டன் ஒருவரைக் கற்பித்துக்கொள்ளலாகாது. அவை நம்மவர் பிள்ளைகட்கு ஆசையோடு இட்ட பெயர்கள். அவற்றைத் தொடர்ந்து தேடப் புகின் தீபகற்பத்தின் பாதியைத் தேடவேண்டிவரும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே முடிக்குரிய காணிகளை இலவசமாய் வழங்கும் வழக்கம் 1833ஆம் ஆண்டளவில் நிறுத்தப்பட்டு, ஏலத்தில் விற்கும் முறை வந்தது. அடிவிலை ஏக்கரொன்றுக்கு ஐந்து சிலிங்கு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் குடியில்லா நிலமும் மறுதலை நிறுவப்படும்வரை முடிக்குரியனவே என்று கொண்டது. இவ்விரண்டும் சேர்ந்து தோட்டக்காரர்க்குப் பெருங்கதவைத் திறந்துவிட்டன. மலைநாட்டிலே கோப்பி, இங்கே தென்னை. தென்மராட்சியின் கீழெல்லைக்கப்பால், முகமாலை, பளை, புலோப்பளை, சோரன்பற்று, இயக்கச்சி என விரியும் மணற்பாங்கான நிலத்தில், 1840களிலே ஐரோப்பியர் தென்னந்தோட்டங்களைத் திறந்தனர். அக்காலத்து வடமாகாண ஏசண்டர் பேர்சிவல் அக்லண்ட் டைக் துரை. 1829 முதல் 1867இல் இறக்கும்வரை ஏறக்குறைய நாற்பதாண்டு இம்மாகாணத்தைத் தம் கைக்குள் வைத்திருந்தவர் அவர். முடிக்காணி கேட்டார் எவராயினும் அவருடைய கச்சேரியைக் கடந்தே செல்லல் வேண்டும். 1844இல் அடிவிலை ஏக்கருக்கு ஒரு பவுணாக உயர்ந்தது. அதனையடுத்து அரசாங்க உத்தியோகத்தர் தோட்டம் வைத்திருத்தல் தடைசெய்யப்பட்டது. ஆகவே அதற்கு முன்னர் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் நீதிபதியாகவோ வரி அதிகாரியாகவோ இருந்திருக்கவுங் கூடும். 1847இல் கோப்பி விலை வீழ்ந்து தீவு முழுவதும் கடன் இறுகியது. அத்தகைய காலங்களில் ஒருவர் உறுதியில் வாங்கியது மற்றொருவர் பெயருக்குப் பிஸ்கால் உறுதியிற் போகும். தேடுவோர்க்கு அவ்வீழ்ச்சி நன்மையே. செழித்த தோட்டக்காரனைவிடக் கடன்பட்ட தோட்டக்காரனே மிகுதியான எழுத்துக்களை விட்டுச் செல்கிறான்.

தேடலில் முதற்படி, மனிதரை விட்டு நிலத்தைப் பற்றுதலாகும். ஏனெனில் நம் உறுதிகளில் ஆள் மாறுகிறார். காணியின் பெயர் மாறுவது அரிது. கலட்டி, புலம், வளவு, ஒல்லை, தறை என முடியும் பெயரொன்று ஒவ்வொரு துண்டுக்கும் உண்டு. துரை பல துண்டுகளை வாங்கி ஒன்றாக்கித் தமக்கு விருப்பமான ஆங்கிலப் பெயரை இட்டிருப்பார். ஆனால் அவருக்கு விற்றவன் கையொப்பமிட்டது பழைய பெயருக்கே. அவர் காலத்துக்குப்பின் தோட்டம் துண்டாடப்படும்போது, உறங்கிக் கிடந்த அப்பெயர்கள் மீண்டும் எழுந்துவிடும். எனவே முன்னோர் ஒருவரின் சீதன உறுதியோ முதுசொக் காணியின் உறுதியோ வீட்டுப் பெட்டகத்தில் இருப்பின் தொடங்குமிடம் அதுவே.

உறுதியை வாசிக்குங்கால் விற்றவர் வாங்கியவர் பெயர்களோடு நின்றுவிடுவோர் பலர். அதன் பொருள் மிகுந்த பகுதி எல்லை கூறும் பகுதியாகும். கிழக்கும் வடக்கும் மேற்கும் தெற்கும் யார் யாருடைய காணியென்பது அங்கே கூறப்படும். துரையின் சொந்த உறுதி அழிந்துபோயினும், அவரைச் சூழ்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு அயற்காணிகளின் உறுதிகள் ஒவ்வொன்றிலும் அவர் ஓரெல்லையாய் நிற்பார். வடவெல்லை என்று ஓரிடத்தும் மேலெல்லை என்று மற்றோரிடத்தும் வரும் குறிப்புகளை ஒரு தாளில் வரைந்து பார்த்தால், நடுவே வெறுமையாய் விடப்படும் இடமே அவர் தோட்டம். எந்த ஆண்டின் உறுதியில் அவர் பெயர் முதலில் எல்லையாய்த் தோன்றுகிறது, எந்த ஆண்டில் மறைகிறது என்பதைக்கொண்டு அவர் இருந்த காலத்தையும் ஏறக்குறையக் கணிக்கலாம்.

அளவைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. முடிக்காணிப் பத்திரங்களும் நில அளவையாளர் படங்களும் ஏக்கர், றூட், பேர்ச்சு எனக் கூறும். ஊர் உறுதிகளோ பரப்பும் குழியும் கூறும். ஓர் ஏக்கருக்கு வரகுக் காணியாயின் 16 பரப்பு. நெற்காணியாயின் 24 பரப்பு. முன்னதிற் பரப்பொன்றுக்கு 18 குழி, பின்னதில் 12 குழி. ஆகவே எவ்வாறு கணக்கிடினும் ஏக்கருக்கு 288 குழி வரும். இவ்வேறுபாட்டை அறியாதார், ஒரே காணியை இரு உறுதிகளிற் கண்டு இரு காணிகளென மயங்குவர்.

பெயரெழுத்திலும் அவ்வாறே. ஆங்கிலப் பெயரை நொத்தாரிசின் எழுதுவினைஞர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினார். உவில்லியம் என்றும் வில்லியம் என்றும், யோன் என்றும் சோன் என்றும் ஒருவரே வருவார். சில உறுதிகளிற் பெயரே இல்லாமல் "துரையவர்களின் தோட்டம்" என்றளவில் நின்றுவிடும். இங்கே நமக்குத் துணைபுரிவது உறுதியின் இறுதியிலுள்ள நொத்தாரிசின் அத்தாட்சி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும் முன்னிற்க எழுதப்படாவிடிற் செல்லாது. கையொப்பமிட்டவரும் சாட்சிகளும் தமக்கு அறிமுகமானவர் என்பதையும், பணம் தம் முன்னிலையிற் கொடுபட்டதோ இல்லையோ என்பதையும் நொத்தாரிசு அத்தாட்சியிற் குறித்தல் வேண்டும். வாசகத்தில் உருக்குலைந்த பெயர் கையொப்பத்திலே தன் சொந்த எழுத்தில் நிற்கும்.

உறுதி ஒன்றுக்குப் பிரதிகள் பல உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மூலம் கட்சிக்காரரிடம் போகும். இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படும். மூன்றாவது நொத்தாரிசின் ஏட்டுக் கட்டில் இருக்கும். அவர் இறந்தபின் அக்கட்டும் பதிவாளரிடம் ஒப்படைக்கப்படுதல் முறை. முறை இவ்வாறாயினும், பழைய நொத்தாரிசுமாரின் பேரர் வீட்டுப் பரணிலே கறையான் தின்னும் கட்டுகளும் உள. நம் கல்லூரிப் பழைய மாணவருள் அத்தகைய வீட்டார் இருப்பின், அவற்றைத் தீயிலிடுமுன் ஒருமுறை பிரித்துப் பார்ப்பாராக.

காணிப் பதிவு இந்நாட்டில் 1863ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு ஒழுங்கு பெற்றது. 1891இலும் 1927இலும் அச்சட்டம் புதுக்கப்பட்டது. மானிப்பாய் வழிவந்த சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் பதிவாளர் நாயகமாயிருந்த காலத்தில் இப்பதிவகத்தைச் சீர்செய்த பெருமைக்குரியவர். காணியொன்றுக்கு ஏட்டில் ஒரு பக்கம் திறக்கப்படும். அதன்மேல் எழும் ஒவ்வோர் உறுதியும் அப்பக்கத்தில் வரிசையாய்ப் பதியப்படும். பக்கம் நிரம்பினால் அடுத்த பக்கத்தின் எண் அங்கே குறிக்கப்படும். ஆகவே ஒரு பக்கம் கிடைத்தால் பின்னோக்கி நடந்து செல்லலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்தல் வேண்டும். இந்தப் பதிவு உறுதியைப் பதிகின்றதேயன்றி உரிமையை உறுதிசெய்வதன்று. மலாயாவிலே றப்பர்த் தோட்டம் வாங்கிய நம்மவர்க்கு அங்குள்ள பதிவேடே உரிமையாயிருந்தது. இங்கோ பொய்யான உறுதியும் ஒழுங்காகப் பதியப்பட்டிருக்கக் கூடும்.

நீதிமன்றத்துக்கு வழி இப்பக்கத்திலிருந்தே திறக்கின்றது. ஈட்டுறுதி, பறிமுதல் அறிவித்தல், பிஸ்கால் உறுதி, பங்குபிரிப்பு வழக்கின் அறிவித்தல் ஆகியனவும் இங்கே பதியப்பட்டு, வழக்கிலக்கமும் மன்றத்தின் பெயரும் குறிக்கப்படுகின்றன. அவ்விலக்கத்தைக் கொண்டு யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்திலோ சாவகச்சேரியிலோ வழக்கேட்டைக் கேட்கலாம். நல்ல வழக்கேடு ஒன்று கிடைத்தால் மற்றவையெல்லாம் மங்கிவிடும். ஈட்டு வழக்கிற் கடன்கொடுத்தவர் யார், எத்தனை வீதம் வட்டி, தோட்டத்தில் எத்தனை மரம் என்பன வரும். மரண சாதன வழக்கில் வீட்டுத் தளபாடம் முதல் மாட்டுவண்டில் ஈறாக இருப்புக் கணக்கு வரும். உரிமை கோரியோர் பெயர்கள் வரும்.

பங்குபிரிப்பு வழக்குகளிலே வழக்காளி தன் உரித்து இறங்கிவந்த வழியை விரித்துக் கூறல் வேண்டும். 1951ஆம் ஆண்டின் பங்குபிரிப்புச் சட்டம் வமிசாவளிப் படமொன்றையே கேட்டது. எனவே குலமுறை தேடுவோர்க்கு இவ்வழக்குகள் கிடைத்தற்கரிய நிதிபோலத் தோன்றும். ஆயினும் அப்படங்கள் பங்கு பெறுவதற்காக வரையப்பட்டவை. பிள்ளையில்லாமல் இறந்தார் எனக் காட்டப்பட்ட ஒருவருக்கு எதிராளியின் படத்தில் மூன்று பிள்ளைகள் இருப்பர். இரண்டு படங்களையும், இயலுமாயின் சாட்சி விசாரணையையும் ஒருங்கு வைத்துப் பார்த்தலே நேர்மை. முந்திய காலத்துக்கு முத்துக்கிருஷ்ணா 1862இல் வெளியிட்ட தேசவழமைப் பதிப்பைப் பார்த்தல் நன்று. யாழ்ப்பாண மன்றங்களில் முடிந்த பழைய வழக்குகள் பல அதிலே தொகுக்கப்பட்டுள்ளன. மூல ஏடு மறைந்தபின்னும் அத்தொகுப்பில் வழக்குகளின் செய்தி எஞ்சியிருக்கின்றது.

இங்கே மற்றொரு வேறுபாட்டையும் சொல்லிவிடல் வேண்டும். குடும்பக் கதைகளில் தோட்டத்துக்கு உடையவராய்ப் பேசப்படும் துரை, பெரும்பாலும் சம்பளத்துக்குத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவராய் இருப்பார். உடையவர் கொழும்பிலோ இலண்டனிலோ இருந்தார். அவ்வாறாயின் உறுதியில் அவர் பெயர், வேறொருவரின் அற்றோணித் தத்துவகாரர் என்னும் முறையில் மட்டுமே காணப்படும். இதைக் கண்டு சோர்வடைதல் வேண்டா. பேர்குசன் தொகுத்த இலங்கைக் கைநூல்களில் தோட்டங்கள்தோறும் உடையவர் பெயரும் மேற்பார்வையாளர் பெயரும் வெவ்வேறாய்ப் பொறிக்கப்பட்டுள்ளன.

இனி இத்தேடலின் நடுப்பொருளாகிய அப்பெண்ணைப் பற்றி. துரையின் பெயரைத் தேடிப் புறப்பட்டோர், அவரைவிட மறைக்கப்பட்டவள் ஒருத்தி இருப்பதைப் பாதிவழியிலே காண்பர். துரைக்குக் கல்லறை உண்டு; கைநூலில் வரி உண்டு. அவளுக்குக் குடும்பத்தார் வாயிலும் பெயர் இல்லை. ஆனாற் சட்டம் அவளை முற்றாக மறைக்க விடவில்லை.

உரோம ஒல்லாந்தச் சட்டத்திலும், அதன்பின் வந்த 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலும், முறையான மணமின்றிப் பிறந்த பிள்ளைகள் தாயின் முதுசொத்துக்கு உரியவர்; தந்தை மரணசாதனம் எழுதாது இறப்பின் அவர் பொருளுக்கு உரியவரல்லர். எனவே தம் பிள்ளைகட்கு ஏதேனும் விட்டுச் செல்ல விரும்பிய துரை, உயிரோடிருக்கும்போதே அதனை எழுத்தில் வைத்தல் இன்றியமையாததாயிற்று. மரணசாதனம் எழுதலாம், அன்றேல் நன்கொடை உறுதி முடிக்கலாம். ஆகவே மணமாகாத உறவே அதிக எழுத்துக்கு இடமாயிற்று என்பது இவ்வாராய்ச்சியின் வியப்புக்களுள் ஒன்று. முறைப்படி மணந்தவரின் பிள்ளைகள் ஓரெழுத்துமின்றி உரிமை பெற்றிருப்பர்.

அந்த நன்கொடை உறுதியைக் கூர்ந்து வாசித்தல் வேண்டும். "அன்பு பட்சத்தின் பொருட்டு" என்று அவளுக்கோ பிள்ளைகட்கோ காணி எழுதப்பட்டிருக்கும். உறவு இன்னதென்று ஒரு சொல்லும் இராது. துரை தமக்குச் சீவிய உருத்தை நிறுத்திக்கொண்டிருக்கலாம். காணியை விற்றலாகாது, பிள்ளை வழியே இறங்கவேண்டும் என்று கட்டுப்பாடு வைத்திருக்கலாம். அத்தகைய கட்டுப்பாடுகளை 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நீக்கிற்று. இவற்றினும் சிறந்த குறிப்பு, நன்கொடையை ஏற்றவர் யார் என்பதாகும். ஏற்கப்படாத நன்கொடை செல்லாது. பிள்ளைகள் சிறுவராயின் அவர் சார்பில் ஒருவர் ஏற்றுக் கையொப்பமிடுவார். அவர் தாய்மாமனாகவோ பாட்டனாகவோ இருத்தல் கூடும். அவர் பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் கிடைத்தால், வமிசாவளியில் அறுந்துகிடந்த பெண்வழி மீண்டும் இணைகின்றது. ஊராரும் உறவினரும் அவளைக் கைவிட்டனரா, உடன் நின்றனரா என்பதற்கும் அக்கையொப்பம் ஒருவாறு சான்றாகும்.

மணமானவளா அன்றா என்பதையும் உறுதி காட்டும். தேசவழமைப்படி மணமான பெண் கணவன் இசைவின்றி அசையாப்பொருளைக் கைமாற்ற இயலாது. பொதுச் சட்டமும் 1923வரை ஏறக்குறைய அவ்வாறே இருந்தது. ஆகவே அக்காலத்து உறுதியொன்றில் அவள் தனித்துக் கையொப்பமிட்டோ கீறலிட்டோ காணி விற்றிருப்பாளாயின், சட்டத்தின் கண்ணுக்கு அவள் கணவனற்றவள். துரையை முறைப்படி மணந்திருப்பின் அவரும் உடன் கையொப்பமிட்டிருப்பார். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டம், தேசவழமைக்குட்பட்ட பெண் அதற்குட்படாத ஆணை மணப்பின் அம்மணம் நிலவுங்காறும் அவள் தேசவழமைக்குப் புறம்பானவள் எனக் கொள்ளும். எனவே அதற்குப் பிந்திய மணமாயின் அவள் சொத்தின் வழியும் மாறிச் செல்லும்.

சில இடங்களில் நன்கொடை என எழுத நாணி, விலையுறுதியாக எழுதுவதுண்டு. ஐந்நூறு உரூபாவுக்கு விற்றதாக வாசகம் கூறும். பணம் தம் முன்னிலையிற் கொடுபடவில்லையென நொத்தாரிசின் அத்தாட்சி கூறும். இவ்விரண்டையும் சேர்த்து வாசித்துத் துணிக. ஆனால் இதொன்றினால் மட்டும் தந்தைமை நிலைநாட்டப்பட்டதெனக் கொள்ளற்க. நன்றியுள்ள வேலைக்காரிக்கும் காணி எழுதப்படலாம். பிள்ளைகளின் பெயர், பிறந்த காலம், துரை இருந்த காலம் ஆகியவற்றோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவு 1867இல் தொடங்கிற்று. மணமின்றிப் பிறந்த பிள்ளைக்குத் தந்தை பெயர், அவர் தாமும் உடன்பட்டாலன்றி எழுதப்படமாட்டாது. ஆகவே அவ்வேட்டில் வெறுமையாய் விடப்பட்ட இடம் கண்டு நம்பிக்கை இழத்தல் வேண்டா.

ஏனைய கருவிகளைச் சுருங்கக் கூறுவோம். அரசாங்க வர்த்தமானி 1802 முதல் வெளிவருகின்றது. கடன்முறிவு, மரணசாதனம், ஏலம் பற்றிய அறிவித்தல்கள் அங்கே கிடைக்கும். உதயதாரகை 1841இல், தோட்டங்கள் திறக்கப்பட்ட அதே காலத்தில், இங்கே தோன்றியது. வட மாகாண ஏசண்டராயிருந்த லூயிஸ் துரை 1913இல் இலங்கையிலுள்ள ஐரோப்பியர் கல்லறை எழுத்துக்களைத் தொகுத்து வெளியிட்டார். சிதைந்துபோன கற்கள் பலவற்றின் வாசகம் இன்று அந்நூலிலேயே எஞ்சியுள்ளது. ஏசண்டர்மாரின் நாட்குறிப்புகளும் கச்சேரி ஏடுகளும் கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்திற் பேணப்படுகின்றன. இங்கிலாந்தில் வாழ்வோர்க்குக் கியூ நகரிலுள்ள ஆவணக் காப்பகம் அண்மையது. இலங்கைத் தேசாதிபதிகளின் கடிதத் தொடர் அங்கே குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் 54ஆம் வரிசையில் உள்ளது. ஒல்லாந்தர் தோம்புகளைப் பலர் முதலில் நாடுவர். துரை முடிக்காடு வாங்கியவராயின் அவை பயன் தாரா. குடிகளிடம் துண்டு துண்டாக வாங்கியவராயின், விற்றவரின் முன்னோரை அறிய உதவும்.

பச்சிலைப்பள்ளி 1984இற் பிரிக்கப்பட்ட கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்ததாகையால், இன்றைய அலுவல்கட்கு எப்பதிவகத்தை அணுகுவது என்பதை முன்னரே கேட்டறிதல் நன்று. பழைய ஏடுகளிலோ அது யாழ்ப்பாணமே. போர் நிகழ்ந்த ஆண்டுகள் அப்பகுதியைப் பெரிதும் அழித்துவிட்டன. முகமாலை பல்லாண்டு போர் முன்னரங்காயிருந்தது, தென்னைகள் தலையிழந்தன, எல்லைக் கற்களும் பனைவேலிகளும் மறைந்தன, 2009இன் பின் கண்ணிவெடி அகற்றியே நிலத்திற் கால் வைக்கவேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்துப் பழைய கச்சேரியும் சிதைந்தது. இடம்பெயர்ந்தோர் பலர் உறுதியைக் கையோடு கொண்டுசெல்லவில்லை. பத்தாண்டுக்கு மேல் மற்றவர் ஆண்ட காணி ஆட்சியுரிமையால் அவருக்கே ஆகிவிடும் என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். போரினால் மன்றத்தை நாட இயலாதிருந்தோர்க்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தை அக்கணக்கிற் சேர்க்காதிருக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வகை செய்தது.

அச்சட்டத்தின்கீழ் வழக்காடுவோர்க்கும் உரிமை நிறுவும் சான்று வேண்டும். உறுதி தொலைந்த வீட்டார் நாடவேண்டியவையும் மேலே கூறிய இரண்டாம் பிரதியும், பதிவேட்டின் பக்கமும், அயற்காணி உறுதியின் எல்லைக் கூற்றும், பழைய வழக்கின் நில அளவைப் படமுமே. கச்சேரி வாசலில் நிற்கும் கிழவர் ஒருவர் தம் வளவின் பெயரை மட்டும் நினைவில் வைத்திருப்பாராயின், அப்பெயரோடு ஊரின் பெயரையும் தகப்பனார் பெயரையும் எழுதிப் பதிவகத்திற் கொடுக்குமாறு கூறுக. அவர் பெயர் அங்கே இல்லையெனின், அயலவர் நால்வரின் பெயர்களையும் எழுதச் சொல்க.